முந்நூறு பேருக்குச் சோறும் நடுவில் கொஞ்சம் பகிடியும்

ஒரு மடத்துச் சமையல் ஒழுங்காகப் போகிறதா என்று அறிய அடுப்படிவரை போகத் தேவையில்லை. வெளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காதைக் கொடுத்தால் தெரிந்துவிடும். உள்ளே யாரோ யாரையோ பகிடி பண்ணிக்கொண்டிருந்தால் அன்றைக்குச் சோறு பதமாக வரும். ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டு, அதுவும் ஏச்சாக இருந்தால், பந்தியில் இருப்பதற்கு முன் பக்கத்துக் கடையில் ஒரு பணிஸ் சாப்பிட்டுவிட்டு வருவது புத்தி.

அன்னதானத்துக்கு முந்நூறு பேருக்குச் சமைத்தால் பிழை வந்தே தீரும். வந்த பிழையை எவ்வளவு சீக்கிரம் ஒருவர் வாய் திறந்து சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பருப்பு அடிப்பிடிக்கத் தொடங்கும்போது அந்த மணம் முதலில் எட்டுவது தலைமைச் சமையற்காரருக்கு இல்லை. அவர் நாலு அடுப்புக்கு நடுவில் புகைக்குள் நிற்கிறார். கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீர் அள்ளிக் கொடுக்கும் பொடியனுக்குத்தான் எட்டும். "அண்ணா, உங்கட பருப்பு சுருட்டுப் பிடிக்குது போல" என்று அவன் சொல்லக்கூடிய இடமாக இருந்தால் உடனே கொள்ளியை இழுத்துவிடலாம். கிளறாமல், அடியைச் சுரண்டாமல், மேலே உள்ளதை மட்டும் மெதுவாக வேறு கிடாரத்துக்கு அள்ளிவிட்டால் கறி தப்பிவிடும். வாய் திறந்தால் ஏச்சு விழும் என்றால் அவன் பேசாமல் நிற்பான். பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் மணக்கும். அதற்குள் யாரோ ஒருவர் துடுப்பைப் போட்டு அடிவரை கிண்டியும் இருப்பார்.

இலங்கையின் திருகோணமலையில் இந்த வேலைக்கு ஆள் பஞ்சம் கிடையாது. சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலுக்கு வாசல் நிறைகுடம், சந்திக்குச் சந்தி தண்ணீர்ப்பந்தல். பங்குனி உத்தரம், ஆடி அமாவாசை, ஊர்க்கோவில் திருவிழாக்கள் என்று ஆண்டு முழுக்க எங்காவது ஒரு கிடாரம் அடுப்பில் இருக்கும். வெசாக்குக்குச் சிங்களச் சனத்தின் தன்சல் என்னும் இலவச உணவுப்பந்தல், நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் கஞ்சி. கிடாரம் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரருக்கு எல்லாச் சமயத்தின் நாட்காட்டியும் மனப்பாடமாக இருக்கும். (அவரிடம் எடுக்கும்போது சைவத்துக்கென்று வைத்திருக்கும் கிடாரமா என்று கேட்டு எடுங்கள். பிரியாணிக் கிடாரத்தில் காய்ச்சிய பாயாசம் எந்தச் சாமியையும் சமாதானப்படுத்தாது.) கஷ்டம் என்னவென்றால், ஒருமுறை வந்த ஆளை அடுத்த முறையும் வரவைப்பது. அதற்குச் சம்பளம் இல்லை, சான்றிதழ் இல்லை. அந்த இடத்தில் சிரித்தோமா என்பதுதான் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்குப் பிழைத்த இடத்தில் யாருக்கும் சிரிப்பு வராது. பந்தியில் இருந்து சாப்பிடும் ஒருவருக்கு 130 கிராம் பச்சையாக அளந்த அரிசி. சிறுவர், பெரியவர், "கொஞ்சமாப் போடுங்கோ" என்று சொல்லி மூன்றுமுறை வாங்குபவர் எல்லோரையும் கலந்து வரும் சராசரி இது. 300 பேருக்கு 40 கிலோ. மைசூர்ப் பருப்பு 12 கிலோ, பூசணிக்காய் 20, கத்தரிக்காய் 15, பயற்றங்காய் 12. பெரிய வெங்காயம் 8 கிலோ, பச்சை மிளகாய் ஒன்றரை. கறிகளுக்குத் தேங்காய் 45, பாயாசத்துக்குத் தனியாக 15. பாயாசத்துக்குச் சவ்வரிசி 3 கிலோ, வறுத்த பாசிப்பயறு 4 கிலோ, சர்க்கரை 7 கிலோ. அப்பளம் 300 என்று வாங்காதீர்கள், 400 வாங்குங்கள். பொரிக்கும் இடத்தில் நிற்பவர்களும் மனிதர்கள்தான். மோருக்கு 15 லீட்டர் தயிர், அதற்கு இருமடங்கு தண்ணீர். மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் கட்டியாக இருந்தால் தண்ணீரை இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

"எதுக்கும் ஒரு பத்துக் கிலோ கூடப் போடுவம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். எல்லா ஊரிலும் அவர் இருக்கிறார், எல்லாக் கூட்டத்துக்கும் வருவார். அவர் சொல்வதைக் கேட்டு அரிசியைக் கூட்டுங்கள், ஆனால் கழுவாமல் மூட்டையிலேயே வைத்திருங்கள். இரண்டாம் பந்தி இருக்கும்போது வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து உலையில் போட்டால் முக்கால் மணித்தியாலத்தில் சோறு. வேண்டாமென்றால் அரிசி அடுத்த பூசைக்கு உதவும். அவருக்கும் மரியாதை குறையவில்லை.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். முதல்நாள் இரவுக் காய்வெட்டு.

அன்னதானத்தின் உண்மையான திருவிழா அதுதான் என்பேன். பூசைநேரத்தில் ஆளுக்கொரு பக்கம் ஓட்டம், பந்திநேரத்தில் வியர்வை. காய்வெட்டில் மட்டும்தான் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், கை வேலை செய்கிறது, வாய் சும்மா இருக்கிறது. ஆகவே இருக்கையை யோசித்துப் போட வேண்டும். சுவரோடு வரிசையாக மேசை போட்டு நிறுத்தி வெட்டவைத்தால் வேலை கொஞ்சம் வேகமாக நடக்கும், ஆனால் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு வெட்டுவார்கள். நிலத்தில் பாய் விரித்து வட்டமாக இருத்துங்கள். ஒரு வட்டத்துக்கு எட்டுப் பேர், நடுவில் கடகம். எட்டைத் தாண்டினால் ஒரு வட்டத்துக்குள் இரண்டு கதை ஓடும், ஒரு பக்கத்தார் சிரிக்கும்போது மற்றப் பக்கத்தார் "என்ன, என்ன" என்று கத்தியை வைத்துவிட்டுத் திரும்புவார்கள். முழங்காலால் இயலாதவர்களுக்கு உயரம் குறைந்த முக்காலி போட்டு அதே வட்டத்தில் இடம் விடுங்கள். தனியாகக் கதிரையில் இருத்தினால் அவர்கள் மேற்பார்வை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒவ்வொரு வட்டத்திலும் வயதான ஒரு அம்மாவோ ஐயாவோ இருக்கட்டும். கதை அவர்களிடம்தான் இருக்கிறது. மாவட்டச் செயலகமான கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர், வங்கியில் அடகு நகை நிறுப்பவர், கணக்கு ரீச்சர், துறைமுகத்தில் வேலை செய்பவர் எல்லோரும் அந்த வட்டத்தில் ஒரே உயரத்தில்தான் இருக்கிறார்கள். "என்ன தம்பி, உங்கட கந்தோரில கோப்புத் தள்ளுற மாதிரி இந்தப் பூசணிக்காயையும் அடுத்த மேசைக்குத் தள்ளப் பாக்கிறீங்களோ" என்று ஒரு ஆச்சி கேட்டால் அவர் சிரித்துக்கொண்டு வெட்டத்தான் வேண்டும். திங்கட்கிழமை அதே ஆச்சி ஓய்வூதிய விடயமாக அவருடைய மேசைக்கு முன்னால் நிற்கும்போது, கதிரை ஒன்று தானாக முன்னுக்கு வரும். இந்த ஊரில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது. அதை ஊழல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதை இரவு வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பதில் கண்டிப்பு வேண்டும். பூசணிக்காயும் பயற்றங்காயும் இரவே வெட்டலாம். மூடிக் கட்டாமல், ஈரமில்லாமல், கடகத்தில் பரப்பிக் காற்றுப்பட வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டிவைத்த பயற்றங்காய் விடியும்போது வியர்த்து வழுவழுத்துப் போயிருக்கும். கத்தரிக்காயைக் காலையில்தான் வெட்ட வேண்டும், வெட்டியதும் உப்புத் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். கீரை இரவில் ஆய்ந்து வைக்கலாம், அரிவது காலையில். தேங்காயை இரவே உடைத்து வைக்காதீர்கள். திருவிய தேங்காய்ப்பூ இந்த ஊர் வெக்கையில் விடியுமுன் புளிக்கும். வெங்காயத்தை உரித்து முழுதாக வைத்துவிட்டுக் காலையில் அரிவது நல்லது. அரியும் கத்தி கூராக இருந்தால் கண்ணீர் குறையும், மொட்டைக் கத்தி வெங்காயத்தை நசிக்கிறது, நசிந்தால்தான் அந்தக் காரம் கிளம்பும். வெங்காயம் யாருக்கு என்பதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு: அதிகம் கதைப்பவருக்குக் கொடுங்கள். அழுதுகொண்டே பகிடி விடுபவரைப் பார்த்துத்தான் வட்டம் முழுக்கச் சிரிக்கும்.

"வெங்காயத்துக்கே இவ்வளவு அழுறியே, கலியாணத்தண்டு என்ன செய்தனி?"

"அண்டைக்கு மனிசி அழுதவ மாமி. நான் இப்ப தவணை முறையில கட்டுறன்."

ஒன்பது மணிக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு ஒருமுறை தேத்தண்ணி. இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேத்தண்ணி போதும். இரண்டாவது தேத்தண்ணியோடு வேலை முடிந்துவிட வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு கை வழுக்கும், கத்தி விரலைத் தேடும். சிவராத்திரி மறுநாள் காலைப் பாரணைக்குச் சமைப்பவர்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது, அவர்கள் எப்படியும் கண்விழிக்கத்தான் வேண்டும். அன்றைக்குக் காரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வெறும் வயிற்றோடு இரவு முழுக்க இருந்தவருக்குப் பச்சை மிளகாய் நல்ல வரவேற்பு இல்லை.

காலையில் நெருப்பு. ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது அடுப்பு மூட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுவாலை கிடாரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் நக்கிக்கொண்டு போகும். ஒரு பக்கம் கொதித்து மறு பக்கம் அரிசி அப்படியே கிடக்கும். தென்மேற்குப் பக்கம் ஒரு தகரத்தைச் சாத்துவார்கள், அது சரி. ஆனால் வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிழக்கிலிருந்து திரும்பி வரும். அப்போது அதே தகரம் புகையைச் சமையற்காரரின் முகத்துக்கே திருப்பிவிடும். தகரத்தை நட்டுவைக்காமல், கல்லில் சாத்தி நகர்த்தக்கூடியதாக வையுங்கள். அதை நகர்த்துவதற்கென்று ஒரு ஆளையும் நியமியுங்கள். அவருக்கு "வளிமண்டலவியல் திணைக்களம்" என்று பெயர் வைத்துவிட்டால் அன்று முழுக்க அவர் வேலையை விடமாட்டார். காற்றுப் பிழைத்தால் எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள்.

வேலைக்குப் பட்டம் கொடுப்பது வெறும் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். புதிதாக வரும் பிள்ளைக்கு "ஏதும் உதவி செய்" என்று சொன்னால் அது ஒரு மூலையில் நின்று போனைப் பார்க்கும். "நீதான் அப்பள அமைச்சர், எண்ணிக் கொடுக்க வேணும், உடைஞ்சது எத்தனை என்று மத்தியானம் அறிக்கை தரவேணும்" என்று சொல்லிப் பாருங்கள்.

சோற்றுக்கு 40 கிலோவையும் ஒரே கிடாரத்தில் போடக்கூடாது. 20 கிலோவாக இரண்டு. வடிக்கும் முறையில் ஒரு கிலோவுக்கு நாலு லீட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிடாரத்துக்கு 80 லீட்டர். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசி. முன்னதாகப் போட்டால் அடியில் படிந்து களியாகும். இரண்டாவது கிடாரத்தை முக்கால் மணித்தியாலம் பிந்தி ஏற்றுங்கள், மூன்றாம் பந்திக்குச் சுடச்சுட வரும். பருக்கையை நசித்தால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும் பதத்தில் இறக்கி வடிக்க வேண்டும். குவியலுக்குள் இருக்கும் சூடே மிச்சத்தை வேகவைத்துவிடும். முழுப்பதத்தில் வடித்தால் பந்திக்கு வரும்போது குழைந்திருக்கும்.

ஆள் புண்படும் இடம் வடிப்புத்தான். கிடாரத்தின் இரண்டு காதுகளையும் பிடிக்கும் இருவர் ஒரே உயரமாக இருக்க வேண்டும். நெட்டையும் குட்டையுமாகத் தூக்கினால் கொதிகஞ்சி குட்டையர் பக்கம்தான் சாயும். நைலோன் சாரமும் தொங்கும் சால்வையும் கூடாது, பருத்திதான், மடித்துக் கட்டி. போகும் வழியில் இருக்கும் சிறுவர், வாளி, வாழைக்குலை எல்லாம் அகல வேண்டும். அந்த இரண்டு நிமிடம் ஒரு பகிடியும் கூடாது. சிரிப்பு வந்தால் கை தளரும். தூக்கும் முன் ஒருவர் "பேச்சு நிப்பாட்டு" என்று குரல் கொடுத்து, இறக்கி வைத்தபின் "கதைக்கலாம்" என்று விடுவிக்கும் வழக்கம் நல்லது. சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய், மஞ்சள் என்று ஆளுக்கொரு வைத்தியர் வருவார். எல்லோரையும் பந்திப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

வடித்த சோற்றைப் பாயில் வெள்ளைத்துணி விரித்துப் பரப்பி ஆவி போகவிட்டுப் பிறகுதான் மூட வேண்டும். சூட்டோடு குவித்து இறுக்கி மூடினால் நடுச்சோறு புளித்து நீர்விடும். கொதிக்கவைத்தும் சாகாத கிருமி வித்துக்கள் அரிசியில் உண்டு, இளஞ்சூட்டில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். ஆகவே சுடச்சுட வைத்திருக்க முடியாத சோறு இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாறி முடிய வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் தண்ணீரையும் இடத்தையும் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவரைக் கண்டு ஒளிக்காதீர்கள். ஒரு தேத்தண்ணி கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பருப்புக்குத் தண்ணீரைக் கவனியுங்கள். கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பும் கடினமுமாக இருக்கும். அதில் பருப்பு வேக நேரம் எடுக்கும். வேகுமுன் புளியோ தேசிக்காயோ விட்டால் இன்னும் மோசம், புளிப்பு ஏறிய பருப்பு வேகாது. குழாய்த் தண்ணீரில் அவித்து, தேங்காயின் தண்ணிப்பாலை இடையில் விட்டு, முதற்பாலைக் கடைசியில் நெருப்பைத் தணித்தபின் விட்டுக் கிளறிக்கொண்டே இறக்க வேண்டும். முதற்பால் விட்டபின் மூடிக் கொதிக்கவைத்தால் திரைந்து எண்ணெய் வேறு, தண்ணீர் வேறாகும். பாயாசமும் அப்படித்தான்: சர்க்கரையைத் தனியே கரைத்து வடிகட்டுங்கள், அதற்குள் மண் இருக்கும். கொதி அடங்கியபின் பால் விடுங்கள்.

உப்புத்தான் பெரிய அரசியல். படையலுக்கு எடுக்கும்வரை வாயில் வைத்துப் பார்க்காத மடங்கள் பல உண்டு. ஆகவே கைக்கணக்கு உதவாது, தராசுதான். முடிந்த கறி ஒரு லீட்டருக்கு 10 கிராம் என்று வையுங்கள். 12 கிலோ பருப்பு ஏறத்தாழ 45 லீட்டர் கறியாகும், 450 கிராம் உப்பு. முதலில் 350 மட்டும் போட்டுவிட்டு, படையல் எடுத்தபின் ருசி பார்த்து மிச்சத்தைக் கூட்டுங்கள். ருசி பார்ப்பவர் ஒருவராக இருக்கட்டும், வாயைக் கொப்பளித்துவிட்டுப் பார்க்கட்டும். வெற்றிலை போடுபவர் வேண்டாம், அவருக்கு எல்லாக் கறியும் சுண்ணாம்புதான். உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டு உறிஞ்சவைக்கலாம் என்பார்கள். கிழங்கு உப்புக்கறியைக் கொஞ்சம் குடிக்கும், மிச்சக் கறியின் உப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாமல் அவித்த ஒரு கிலோ பருப்பைத் தனியே ஒரு சட்டியில் வைத்திருங்கள், அதைக் கலப்பதுதான் வழி. தேவைப்படாவிட்டால் கடைசியில் தாளித்து வேலை செய்தவர்களுக்குப் பரிமாறலாம். அடுப்படியில் நிற்பவர்களுக்கும் ஒன்று கலக்கிவையுங்கள்: ஒரு லீட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, தேசிக்காய். "எங்களுக்குத் தாகமில்லை" என்று சொல்பவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

பகிடிக்கும் அளவு உண்டு. மேலே இருப்பவரைப் பகிடி பண்ணலாம். தலைமைச் சமையற்காரர், கோவில் தலைவர், பொருளாளர் எல்லோரும் பொது உடைமை. முதல்நாள் வந்த பிள்ளையைத் தொடக்கூடாது, மூன்றாம் முறை வந்தபின் பார்க்கலாம். செய்த வேலையைப் பகிடி பண்ணலாம், உடம்பைக் கூடாது. சோதனை முடிவு, கலியாணம், பிள்ளை, வெளிநாட்டு விசா, இந்த நாலும் மடத்து வாசலுக்கு வெளியே. இன்னொன்றும் இருக்கிறது. யுத்தமும் 2004 சுனாமியும் தொடாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. "வீட்டில எத்தனை பேர்" என்ற சாதாரணக் கேள்விக்குக்கூடச் சிலருக்குப் பதில் சொல்ல நேரமெடுக்கும். கேட்காமல் விடுவதே மரியாதை.

பந்தி சுருக்கமாக. நூறு பேராக மூன்று பந்தி, ஒன்றுக்கு 25 நிமிடம். பதினைந்து பேருக்கு ஒரு பரிமாறுநர், இரண்டு வரிசைக்கு நடுவில் நாலடி இடைவெளி. இலை, தண்ணீர் தெளிப்பு, கறிகள், பிறகு சோறு. சோற்றை முதல்முறை அரை வயிற்றுக்குப் போடுங்கள், இரண்டாம் முறை கேட்டுப் போடுங்கள். இலையில் மிஞ்சுவது பாதியாகக் குறையும். "காணும், காணும்" என்று சொல்பவரின் வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். கை இலைக்கு மேலே விரிந்து மறைத்தால் உண்மையாகக் காணும். கை இலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாய் மட்டும் சொன்னால், இன்னும் அரை அகப்பை. ஒருவர் மூன்றாம் பந்தியிலும் வந்து இருந்தால் கண்டதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். அங்கே பகிடி கிடையாது. அவருக்கு அப்பளம் முழுதாகப் போகட்டும்.

இலை வாழையிலையோ தாமரை இலையோ. சோறு கட்டும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றை அரசாங்கம் 2017 செப்டெம்பரில் தடை செய்தும் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு கட்டு மிச்சம் வைத்திருப்பார், பாவம், அதை அன்பளிப்பாகக் கொண்டுவருவார். வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். பிரெட்றிக் கோட்டைப் புள்ளிமான்கள் கோட்டைக்குள் நிற்பதோடு நிறுத்துவதில்லை, ஊருக்குள்ளும் உலாவும். சோறு ஒட்டிய பொலித்தீனை அப்படியே விழுங்கும், அது வயிற்றில் அடைத்துச் செத்தும் போகின்றன. எச்சில் இலையை வாயில் கட்டிய சாக்கில் போட்டுப் பசளைக் கிடங்குக்கு அனுப்பும்வரை ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும். மான் வந்து பணிவாகப் பார்க்கும்போது மனம் இளகாதவராகப் பார்த்து நியமியுங்கள். பொருளாளர் பொருத்தம்.

மிஞ்சும் சோற்றைக் கொடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். "தேவையா" என்று கேட்டால் தேவைப்படுபவர் வேண்டாம் என்பார். கேட்கும் விதத்தை மாற்றினால் வாங்குவார். "அக்கா, இது மிஞ்சினால் எங்களுக்குத்தான் ஏச்சு. ரெண்டு பார்சல் கொண்டுபோய் எங்களைக் காப்பாத்துங்கோ." அவர் உதவி செய்கிறார், நாம் வாங்கிக்கொள்கிறோம். கட்டும்போது சோறும் கறியும் தனித்தனியாக, பாயாசம் வேண்டாம், வழியில் கொட்டும். வைத்திருக்காமல் கொண்டுபோன உடனேயே சாப்பிடச் சொல்லிக் கொடுங்கள்.

கிடாரம் கழுவுவது எல்லோரும் களைத்தபின் வருகிற வேலை. ஆகவே தலைவரும் தலைமைச் சமையற்காரரும் அதில் முதலில் கைவைக்க வேண்டும். சமைக்கத் தொடங்குமுன் கிடாரத்தின் வெளிப்புறத்தில் சாம்பலையும் மண்ணையும் குழைத்துப் பூசியிருந்தால் கரி சுலபமாக வரும். அடிப்பிடித்ததை இரும்பால் சுரண்டாமல், தண்ணீரும் ஒரு பிடி அப்பச்சோடாவும் விட்டு அரை மணித்தியாலம் கொதிக்கவிடுங்கள். அலுமினியக் கிடாரமென்றால் சோடாவைக் குறைத்து, வெறும் கொதிநீரில் ஊறவிடுவது நல்லது, சோடா அதைக் கறுக்கவைக்கும். கடைக்குத் திருப்பிக் கொடுக்கும்போது எப்போதும் ஒரு அகப்பை குறையும். பக்கத்து வீட்டு அம்மா தன்னுடையது என்று நினைத்துக் கொண்டுபோயிருப்பார், அவருடையது கடைக்குப் போயிருக்கும். வாடகை அகப்பைகளின் பிடியில் காலையிலேயே சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பொலிஷ் யாரிடம் வாங்குவது என்று கவலைப்பட வேண்டாம், அப்பள அமைச்சரிடம் இருக்கும்.